ஷூமன்-ருங்கே பட்டைகள்

ஷூமன்-ருங்கே பட்டைகள் என்பவை ஆக்சிஜன் மூலக்கூறின் புற ஊதா நிறமாலையில் காணப்படும் பட்டைகளின் தொகுதி ஆகும். இவை உட்கவர் நிறமாலையில் ஏறத்தாழ 175 நானோமீட்டர் முதல் 205 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் அமைந்துள்ளன. 175 நானோமீட்டருக்குக் கீழே இப்பட்டைகள் முடிவடைந்து, இடைவெளியற்ற ஒரு தொடர் நிறமாலை தொடங்குகிறது. அது ஷூமன்-ருங்கே தொடர் நிறமாலை எனப்படுகிறது.

இரண்டு அணுக்கள் மட்டுமே கொண்ட மூலக்கூறுகளின் (ஈரணு மூலக்கூறுகளின்) புற ஊதா நிறமாலைகளில் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஆக்சிஜனின் பிணைப்பு ஆற்றல் இந்நிறமாலையிலிருந்து துல்லியமாகப் பெறப்பட்டது. பூமியின் வளிமண்டலம் சூரியனின் புற ஊதாக் கதிர்களை எந்த உயரத்தில் தடுக்கிறது, ஓசோன் எங்கு உருவாகிறது, குளோரோ ஃபுளூரோ கார்பன்கள் எவ்வளவு காலம் சிதையாமல் இருக்கும் ஆகிய கேள்விகளுக்கான விடைகளும் இப்பட்டைகளைச் சார்ந்துள்ளன.

பெயரும் வரலாறும்

இப்பட்டைகள் ஜெர்மனியைச் சேர்ந்த விக்டர் ஷூமன் (1841–1913), கார்ல் ருங்கே (1856–1927) ஆகிய இருவரின் பெயரால் வழங்கப்படுகின்றன.

ஷூமன் லைப்சிக் நகரில் இயந்திரத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். நடுத்தர வயதிற்குப் பின்னரே நிறமாலை ஆய்வில் இறங்கினார். அக்காலத்தில் 185 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் கொண்ட ஒளியை எவராலும் பதிவு செய்ய முடியவில்லை. இதற்கு மூன்று தடைகள் இருப்பதை ஷூமன் கண்டறிந்தார். கருவிகளில் பயன்பட்ட குவார்ட்சு வில்லைகளும் பட்டகங்களும் அவ்வொளியைக் கடத்தவில்லை. ஒளிப்படத் தகட்டின் மேலுள்ள ஜெலட்டின் அதனை உட்கவர்ந்தது. கருவிக்குள் இருந்த காற்றும் அதனை உட்கவர்ந்தது.

ஷூமன் ஒவ்வொரு தடையையும் தனித்தனியே நீக்கினார். குவார்ட்சுக்குப் பதிலாக ஃபுளூரைட் படிகத்தைப் பயன்படுத்தினார். ஜெலட்டின் மிகக் குறைந்த தகடுகளைத் தாமே தயாரித்தார். நிறமாலைமானி முழுவதையும் காற்று நீக்கிய கலத்திற்குள் அமைத்தார். 1890களில் இம்முறையில் ஏறத்தாழ 120 நானோமீட்டர் வரை அவரால் செல்ல முடிந்தது. 200 நானோமீட்டருக்குக் கீழுள்ள பகுதி இன்றும் வெற்றிடப் புற ஊதா என்று அழைக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

காற்றில் இத்தடையை உண்டாக்குவது ஆக்சிஜனே. காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு உள்ள நைட்ரஜன் இப்பகுதியில் பெரும்பாலும் ஒளி ஊடுருவக்கூடியது. ஆக்சிஜனை மட்டும் கலத்தில் செலுத்தியபோது அதன் உட்கவர் பட்டைகளை ஷூமன் பதிவு செய்தார். எனினும் ஃபுளூரைட்டின் ஒளிவிலகல் எண் இப்பகுதியில் அறியப்படாமல் இருந்தமையால் அவரால் அலைநீளங்களைக் கணிக்க இயலவில்லை. அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் லைமன் பட்டகத்திற்கு மாற்றாகக் குழிவான கீற்றணியைப் பயன்படுத்தி இப்பகுதியின் அலைநீளங்களை அளந்தார்.

ருங்கே கணிதவியலாளராகவும் நிறமாலை ஆய்வாளராகவும் விளங்கியவர். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ருங்கே-குட்டா முறையிலும் இவருடைய பெயரே இடம்பெறுகிறது. 1921 ஆம் ஆண்டில் ஆக்சிஜன் வெளிவிடும் புற ஊதாப் பட்டைகளைப் பற்றிய ஆய்வை இவர் வெளியிட்டார். ஷூமன் கண்ட உட்கவர் பட்டைகளும் ருங்கே கண்ட வெளிவிடு பட்டைகளும் ஒரே இரு எதிர்மின்னி நிலைகளுக்கு இடையிலான மாற்றத்தால் தோன்றுபவை என்பது பின்னர் தெளிவாயிற்று.

அடிப்படைக் கோட்பாடு

தனி அணுவின் நிறமாலை கூர்மையான கோடுகளால் ஆனது. மூலக்கூறின் நிறமாலையோ நெருக்கமான கோடுகள் கூடிய பட்டைகளாகத் தோன்றுகிறது. ஈரணு மூலக்கூறு மூன்று வகைகளில் ஆற்றலைப் பெற முடியும் என்பதே இதற்குக் காரணம்.

1. எதிர்மின்னி (எலக்ட்ரான்) ஆற்றல்: எதிர்மின்னிகளின் அமைப்பு மாறுவதால் ஏற்படுவது. இதுவே மிகப் பெரியது. பெரும்பாலும் கட்புலனாகும் ஒளி, புற ஊதா ஆகிய பகுதிகளைச் சார்ந்தது.
2. அதிர்வு ஆற்றல்: இரு அணுக்களும் சுருள்வில்லால் இணைக்கப்பட்டவை போல நெருங்கியும் விலகியும் அதிர்வதால் ஏற்படுவது. இது எதிர்மின்னி ஆற்றலை விட மிகக் குறைவு.
3. சுழற்சி ஆற்றல்: மூலக்கூறு முழுவதும் சுழல்வதால் ஏற்படுவது. இது மூன்றிலும் மிகச் சிறியது.

மூலக்கூறு ஒரு புற ஊதா ஒளித்துகளை (ஃபோட்டானை) உட்கவரும்போது இம்மூன்றும் ஒரே சமயத்தில் மாறுகின்றன. எதிர்மின்னி மாற்றம் பட்டைத் தொகுதியின் இடத்தையும், அதிர்வு மாற்றம் தொகுதிக்குள் ஒவ்வொரு பட்டையின் இடத்தையும், சுழற்சி மாற்றம் பட்டைக்குள் ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் தீர்மானிக்கின்றன.

ஷூமன்-ருங்கே பட்டைகளில் ஆக்சிஜன் மூலக்கூறு தனது அடி நிலையிலிருந்து "பி" எனக் குறிக்கப்படும் கிளர்வு நிலைக்குச் செல்கிறது. அடி நிலையில் ஆக்சிஜனுக்கு இணைசேராத இரு எதிர்மின்னிகள் உண்டு. திரவ ஆக்சிஜன் காந்தத்தால் ஈர்க்கப்படுவது இதனால்தான். இவ்வாறு இணைசேராத இரு எதிர்மின்னிகள் உள்ள நிலை மும்மை நிலை எனப்படும். பி நிலையும் ஒரு மும்மை நிலையே. தற்சுழற்சி மாறாத மாற்றங்கள் விதிகளால் அனுமதிக்கப்பட்டவை ஆதலால் இவ்வுட்கவர்தல் வலிமையாக நிகழ்கிறது.

பட்டைகளின் அமைப்பு

அதிர்வு வரிசை

இரு நிலைகளிலும் மூலக்கூறின் இயல்புகள் பெரிதும் வேறுபடுகின்றன.

* அணுக்களுக்கு இடையிலான தொலைவு: அடி நிலையில் 0.121 நானோமீட்டர், பி நிலையில் 0.160 நானோமீட்டர்.
* அதிர்வின் அலையெண் (ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை): அடி நிலையில் ஏறத்தாழ 1580, பி நிலையில் ஏறத்தாழ 709.

கிளர்வு நிலையில் பிணைப்பு நீண்டும் தளர்ந்தும் இருப்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. இரு நிலைகளின் மிகத் தாழ்ந்த அதிர்வு மட்டங்களுக்கு இடையிலான மாற்றம் 202.6 நானோமீட்டரில் அமைகிறது. இதிலிருந்து குறுகிய அலைநீளங்களை நோக்கிச் செல்லும்போது, பி நிலையின் உயர்ந்த அதிர்வு மட்டங்களுக்குரிய பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதல் இரு பட்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளி அலையெண்ணில் ஏறத்தாழ 690 ஆகும். பின்னர் இடைவெளி படிப்படியாகக் குறைந்து, இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகளுக்குப் பின் 175 நானோமீட்டர் அருகே மறைந்து விடுகிறது.

செறிவு மாறுபாடு

வரிசையின் முதற்பட்டை மிகவும் மங்கலானது. குறுகிய அலைநீளங்களை நோக்கிச் செல்லச் செல்லப் பட்டைகளின் செறிவு மிகுகிறது. தொடர் நிறமாலையில் 142 நானோமீட்டர் அருகே அது உச்சத்தை அடைகிறது.

இதற்கான விளக்கத்தை ஃபிராங்க்-காண்டன் தத்துவம் தருகிறது. எதிர்மின்னி மிக விரைவாக இடம் மாறுகிறது. கனமான அணுக்கருக்கள் அந்தக் குறுகிய நேரத்தில் நகர்வதில்லை. ஆகவே ஒளியை உட்கவர்ந்த கணத்தில் பி நிலையிலுள்ள மூலக்கூறின் அணுக்கள் இன்னும் 0.121 நானோமீட்டர் தொலைவிலேயே இருக்கின்றன. பி நிலைக்கு இது மிகவும் நெருக்கமான தொலைவு. மிகவும் அழுத்தப்பட்ட சுருள்வில்லைப் போல மூலக்கூறு பெரும் அதிர்வைப் பெறுகிறது. பல வேளைகளில் உடனே உடைந்து இரு அணுக்களாகப் பிரிகிறது. முதற்பட்டைக்குத் தேவையான அமைதியான அதிர்வு நிலையை அடைவதற்கான நிகழ்தகவு மிகக் குறைவு.

வெளிவிடு நிறமாலையில் இது தலைகீழாக நிகழ்கிறது. பி நிலையின் தாழ்ந்த மட்டங்களிலிருந்து மூலக்கூறு அடி நிலையின் உயர்ந்த அதிர்வு மட்டங்களுக்கு இறங்குகிறது. எனவே வெளிவிடு பட்டைகள் நீண்ட அலைநீளங்களில், 300 நானோமீட்டரையும் தாண்டி, காணப்படுகின்றன.

சுழற்சிக் கோடுகள்

ஒவ்வொரு பட்டையும் பல சுழற்சிக் கோடுகளால் ஆனது. பி நிலையில் பிணைப்பு நீண்டிருப்பதால் கோடுகள் விரைவில் திரும்பி மடிந்து, பட்டையின் குறுகிய அலைநீள முனையில் கூர்மையான ஒரு விளிம்பை உருவாக்குகின்றன. இது பட்டைத்தலை எனப்படும். அங்கிருந்து பட்டை நீண்ட அலைநீளங்களை நோக்கி மங்கிச் செல்கிறது.

நிறை எண் 16 கொண்ட இரு ஆக்சிஜன் அணுக்களால் ஆன மூலக்கூறில், சமச்சீர் விதியின் காரணமாக, அடி நிலையின் சுழற்சி மட்டங்களுள் ஒன்றுவிட்டு ஒன்று இல்லாமல் போகிறது. அணுக்கருவின் தற்சுழற்சி சுழியாக இருப்பதே இதற்குக் காரணம். ஒரு அணு 16 ஆகவும் மற்றொன்று 18 ஆகவும் இருந்தால் சமச்சீர் குலைந்து எல்லா மட்டங்களும் தோன்றுகின்றன. ஆக்சிஜன்-18 என்னும் ஓரிடத்தான் 1929 ஆம் ஆண்டில் ஜியாக், ஜான்ஸ்டன் ஆகியோரால் கண்டறியப்பட்டதும் ஆக்சிஜன் மூலக்கூறின் நிறமாலையிலிருந்துதான். ஆனால் அது சூரிய ஒளியில் காணப்படும் சிவப்புப் பகுதிப் பட்டையாகும்.

பிணைப்பு முறிவு ஆற்றலைக் கணித்தல்

பட்டைகளுக்கு இடையிலான இடைவெளி சுழியாகும் புள்ளி பட்டைக் குவி எல்லை எனப்படும். அப்புள்ளியில் மூலக்கூறு இரண்டாக உடைகிறது. அளக்கப்பட்ட இடைவெளிகளைக் கொண்டு இவ்வெல்லையைக் கண்டறியும் வரைபட முறையை ரேமண்ட் பர்ஜ், ஹெர்த்தா ஸ்போனர் ஆகிய இருவரும் 1926 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது பர்ஜ்-ஸ்போனர் முறை என வழங்கப்படுகிறது.

ஆக்சிஜனில் இவ்வெல்லை 175 நானோமீட்டரில், அதாவது 7.08 எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ளது. எனினும் இதனை ஆக்சிஜனின் பிணைப்பு ஆற்றல் எனக் கொள்வது பிழையாகும். பி நிலை உடையும்போது கிடைக்கும் இரு அணுக்களில் ஒன்று மட்டுமே அடி நிலையில் உள்ளது. மற்றொன்று கிளர்வுற்ற நிலையில் உள்ளது. அக்கிளர்வு ஆற்றலைக் கழித்தால்தான் உண்மையான மதிப்பு கிடைக்கும்.

கிளர்வுற்ற அவ்வணுவின் ஆற்றல் அணு நிறமாலையிலிருந்து அறியப்படுகிறது. துருவ ஒளியில் காணப்படும் 630 நானோமீட்டர் சிவப்புக் கோடு, இதே அணு அடி நிலைக்குத் திரும்பும்போது வெளிவிடும் ஒளியாகும். அதன் ஆற்றல் 1.97 எலக்ட்ரான் வோல்ட். எனவே,

7.08 − 1.97 = 5.11 எலக்ட்ரான் வோல்ட்

துல்லியமான அளவீடுகளின்படி இம்மதிப்பு 5.116 எலக்ட்ரான் வோல்ட், அல்லது மோலுக்கு ஏறத்தாழ 494 கிலோஜூல் ஆகும். இவ்வாற்றல் கொண்ட ஒளித்துகளின் அலைநீளம் 242 நானோமீட்டர். இதைவிட நீண்ட அலைநீளம் கொண்ட ஒளித்துகள் ஒன்று தனியாக அடி நிலையிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்க இயலாது. ஓசோன் உருவாகத் தேவையான கதிர்வீச்சின் எல்லையும் இதுவே.

முன்சிதைவு

175 நானோமீட்டருக்கு மேற்பட்ட பட்டைகளில் உட்கவரப்படும் ஆற்றல் பி நிலையின் முறிவு எல்லையைக் காட்டிலும் குறைவானது. அப்படியிருந்தும் இப்பட்டைகளில் ஒளியை உட்கவரும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவை உடைந்து விடுகின்றன. இந்நிகழ்வு முன்சிதைவு எனப்படுகிறது.

பி நிலையின் நிலையாற்றல் வளைவை, பிணைப்பற்ற வேறு சில நிலைகளின் வளைவுகள் வெட்டிச் செல்கின்றன. அதிரும் மூலக்கூறு வெட்டுமிடத்தில் ஒரு வளைவிலிருந்து மற்றொன்றிற்குத் தாவி, இரு அடி நிலை அணுக்களாகப் பிரிகிறது. 5.12 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே தேவைப்படும் இவ்வழிக்கு இப்பட்டைகளின் ஆற்றல் போதுமானது.

முன்சிதைவை நிறமாலையிலேயே காண இயலும். நிச்சயமின்மைத் தத்துவத்தின்படி, ஒரு நிலையின் வாழ்நாள் குறையக் குறைய அதன் கோடு அகலமாகும். ஷூமன்-ருங்கே கோடுகள் வெப்ப இயக்கத்தால் ஏற்படும் அகலத்தை விடப் பல மடங்கு அகலமாக உள்ளன. பி நிலையின் நான்காம் அதிர்வு மட்டத்தில் இது மிகுதி. அங்கு மூலக்கூறு ஏறத்தாழ ஒரு பிக்கோ விநாடி (விநாடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) காலமே நிலைத்திருக்கிறது.

ஆக்சிஜனின் புற ஊதா உட்கவர் பகுதிகள்

ஆக்சிஜன் மூலக்கூறின் உட்கவர் பகுதிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

* ஷூமன்-ருங்கே தொடர் நிறமாலை: ஏறத்தாழ 130–175 நானோமீட்டர். மிக வலிமையானது. உச்சத்தில் ஒரு மூலக்கூறின் உட்கவர் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 1.5 × 10⁻¹⁷ சதுர சென்டிமீட்டர்.
* ஷூமன்-ருங்கே பட்டைகள்: 175–205 நானோமீட்டர். வலிமை கோட்டுக்குக் கோடு பெரிதும் மாறுபடுகிறது.
* ஹெர்ஸ்பர்க் தொடர் நிறமாலை: 242 நானோமீட்டருக்குக் கீழே. தற்சுழற்சி விதியால் அன்றி வேறு விதிகளால் தடுக்கப்பட்ட மாற்றம் ஆதலால் மிக மங்கலானது. 205 நானோமீட்டர் அருகே குறுக்குப்பரப்பு 10⁻²³ சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு.
* ஹெர்ஸ்பர்க் பட்டைகள்: 242 நானோமீட்டருக்கு மேலே. இவற்றைக் கண்டறிந்த கெர்ஹார்டு ஹெர்ஸ்பர்க், மூலக்கூறுகளின் அமைப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 1971 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.

தொடர் நிறமாலைக்கு அப்பால், 121.6 நானோமீட்டரில் உட்கவர்தல் திடீரெனக் குறைகிறது. சூரியன் மிகுதியாக வெளிவிடும் ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடும் இதே அலைநீளத்தில் அமைந்துள்ளது. இத்தற்செயலான பொருத்தத்தால் அக்கதிர் ஏறத்தாழ 70–80 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கி, அங்குள்ள நைட்ரிக் ஆக்சைடை அயனியாக்குகிறது.

வளிமண்டலத்தில் பங்கு

கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் நிற்கும் காற்றுத் தூணில் ஏறத்தாழ 4.5 × 10²⁴ ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளன. தொடர் நிறமாலையின் உச்சத்திலுள்ள ஒளியைத் தடுக்க இவற்றுள் பத்து கோடியில் சில பங்கே போதுமானது. ஆகவே அவ்வொளி 100 கிலோமீட்டருக்கு மேலேயே முடிந்து விடுகிறது. மங்கலான ஹெர்ஸ்பர்க் பகுதியின் ஒளியோ அடுக்கு மண்டலம் வரை ஆழமாக இறங்குகிறது.

* வெப்ப மண்டலம் (ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு மேல்): ஷூமன்-ருங்கே தொடர் நிறமாலையால் ஆக்சிஜன் அணுக்களாகச் சிதைகிறது. இவ்வுயரங்களில் அணு ஆக்சிஜன் மிகுந்திருப்பதற்கும் வெப்பநிலை உயர்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.
* இடை மண்டலம்: ஷூமன்-ருங்கே பட்டைகள் முதன்மை பெறுகின்றன.
* அடுக்கு மண்டலம்: ஹெர்ஸ்பர்க் தொடர் நிறமாலை முதன்மை பெறுகிறது. பட்டைகளின் கோடுகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் வழியாகவும் ஒளி இங்கு வந்தடைகிறது.

ஆக்சிஜன் சிதைந்து கிடைக்கும் அணு, மற்றொரு ஆக்சிஜன் மூலக்கூறுடன் இணைந்து ஓசோனாகிறது. இவ்வழிமுறையை சிட்னி சாப்மன் 1930 ஆம் ஆண்டில் முன்வைத்தார். மரபுப் பொருளான டி.என்.ஏ. 260 நானோமீட்டர் அருகே ஒளியை வலிமையாக உட்கவர்ந்து சேதமுறுகிறது. அவ்வலைநீளத்தை ஆக்சிஜன் தடுப்பதில்லை; ஓசோன் தடுக்கிறது. எனவே 200 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிர்களை ஆக்சிஜன் நேரடியாகவும், அதற்கு மேலுள்ள தீங்கான கதிர்களை தன்னிலிருந்து உருவான ஓசோன் வழியாகவும் தடுக்கிறது எனலாம்.

குளோரோ ஃபுளூரோ கார்பன்களின் சிதைவு

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோ ஃபுளூரோ கார்பன்கள் தரைக்கு அருகே சிதைவதில்லை. அவை அடுக்கு மண்டலத்தை அடைந்து புற ஊதா ஒளியால் சிதைந்து, ஓசோனை அழிக்கும் குளோரின் அணுக்களை வெளிவிடும் என்பதை மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்டு ஆகியோர் 1974 ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவற்றைச் சிதைக்கும் ஒளி பெரும்பாலும் 190–220 நானோமீட்டர் பகுதியைச் சேர்ந்தது. இது ஆக்சிஜனின் வலிமையான உட்கவர்தலுக்கும் ஓசோனின் வலிமையான உட்கவர்தலுக்கும் இடைப்பட்ட ஒரு சாளரம் ஆகும்.

இச்சாளரம் எவ்வளவு திறந்துள்ளது என்பதைப் பொறுத்தே அவ்வளிமங்களின் ஆயுட்காலம் அமைகிறது. 1980களின் தொடக்கத்தில் பலூன்களில் அனுப்பப்பட்ட கருவிகள், எதிர்பார்த்ததைவிட அதிகமான புற ஊதா ஒளி அடுக்கு மண்டலத்தில் ஊடுருவுவதைக் காட்டின. ஆக்சிஜனின் ஹெர்ஸ்பர்க் குறுக்குப்பரப்பிற்கு அதுவரை ஏற்கப்பட்டிருந்த ஆய்வக மதிப்புகள் மிகையானவை என்பது இதனால் தெரிய வந்தது. புதிய மதிப்புகளின்படி குளோரோ ஃபுளூரோ கார்பன்களும் நைட்ரஸ் ஆக்சைடும் முன்பு கணித்ததைவிட விரைவாகச் சிதையும். ஓசோனை அழிக்கும் பொருட்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987 ஆம் ஆண்டில் கையெழுத்தானது.

அளவீட்டுச் சிக்கல்கள்

ஷூமன்-ருங்கே பட்டைகளை வளிமண்டலக் கணிப்புகளில் சேர்ப்பது எளிதன்று. ஒரு கோட்டின் நடுவிலும் அதற்கு அடுத்த இடைவெளியிலும் உட்கவர்தல் பன்மடங்கு வேறுபடும். பகுதிறன் குறைந்த கருவி இவ்விரண்டையும் கலந்து ஒரு சராசரியைத் தருகிறது. ஆனால் ஒளி உண்மையில் இடைவெளிகள் வழியாகவே கீழே இறங்குவதால், அச்சராசரியைக் கொண்டு கணித்தால் விடை பிழையாகும்.

வெப்பநிலையும் கருத்தில் கொள்ளப்பட வேண்டியதாகும். அறை வெப்பநிலையில் பத்தாயிரம் ஆக்சிஜன் மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஆறு மட்டுமே அதிர்வுக் கிளர்வுடன் உள்ளன. எனினும் முதன்மைப் பட்டைகள் மங்கலாக உள்ள நீண்ட அலைநீளங்களில் இச்சிறு தொகையின் பங்களிப்பும் புறக்கணிக்கத்தக்கதன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் 1980களில் 6.65 மீட்டர் நிறமாலைமானியைக் கொண்டு, அறை வெப்பநிலையிலும் 79 கெல்வின் குளிரிலும் இப்பட்டைகள் உயர் பகுதிறனில் அளக்கப்பட்டன.

தொழில்நுட்பத்தில்

* ஆர்கான் ஃபுளூரைடு லேசரின் 193 நானோமீட்டர் ஒளி இப்பட்டைகளின் மீது விழுகிறது. எனவே அது காற்றில் செல்லும்போது வலுவிழப்பதுடன் ஓசோனையும் உண்டாக்குகிறது. சிலிக்கான் சில்லுகளை உருவாக்கும் கருவிகளில் இதன் ஒளிப்பாதையில் நைட்ரஜன் செலுத்தப்படுவது இதனாலேயே.
* பாதரச விளக்கின் 185 நானோமீட்டர் கோடும் இப்பகுதியைச் சேர்ந்தது. ஓசோன் தேவைப்படும் விளக்குகளில் அக்கோட்டைக் கடத்தும் தூய குவார்ட்சும், தேவையற்றவற்றில் அதனைத் தடுக்கும் கண்ணாடியும் பயன்படுத்தப்படுகின்றன.
* சுடர்களிலும் அதிர்ச்சி அலைகளிலும் உள்ள மிகச் சூடான ஆக்சிஜனின் வெப்பநிலையை அறிய இப்பட்டைகள் உதவுகின்றன.

பிற ஈரணு மூலக்கூறுகளுடன் ஒப்பீடு

* ஹைட்ரஜன்: இதன் லைமன், வெர்னர் பட்டைகளின் உட்கவர்தல் ஏறத்தாழ 111 நானோமீட்டருக்குக் கீழே தொடங்குகிறது. விண்மீன்களுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜன் மூலக்கூறை, 1970 ஆம் ஆண்டில் ஏவூர்தியில் அனுப்பிய கருவியின் மூலம் ஜார்ஜ் கருதர்ஸ் இப்பட்டைகளைக் கொண்டே கண்டறிந்தார்.
* நைட்ரஜன்: மும்மைப் பிணைப்பு கொண்டது. முறிவு ஆற்றல் 9.76 எலக்ட்ரான் வோல்ட். வலிமையான உட்கவர்தல் 100 நானோமீட்டருக்குக் கீழேயே தொடங்குகிறது.
* கார்பன் மோனாக்சைடு: இதன் நான்காம் நேர்மின் பட்டைகள் 154 நானோமீட்டர் அருகே தொடங்குகின்றன.
* நைட்ரிக் ஆக்சைடு: இதன் காமா பட்டைகளுள் முதன்மையானது 226 நானோமீட்டரில் உள்ளது.

நைட்ரஜனோடு ஒப்பிடும்போது ஆக்சிஜனின் பிணைப்பு தளர்வானது. அதன் உட்கவர்தல் நீண்ட அலைநீளத்திலேயே தொடங்குகிறது. சூரியன் 200 நானோமீட்டருக்குக் கீழே வெளிவிடும் ஒளியைத் தடுக்கும் பணியை, காற்றில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள ஆக்சிஜன் ஏற்றிருப்பது இதனால்தான்.

இவற்றையும் பார்க்கவும்

* ஓசோன் படலம்
* பட்டை நிறமாலை
* ஃபிராங்க்-காண்டன் தத்துவம்
* ஒளிச்சிதைவு
* வெற்றிடப் புற ஊதா